ஆராய்ச்சியின் முதற்படி: மலாயாப் பல்கலைக் கழக நூலகமும் தமிழும்

கடல் கடந்து மலாயாவிற்கு வந்த தமிழர் முதலில் கோயில் எழுப்பினர். பின்னர்ப் பள்ளிக்கூடம் வைத்தனர். அதன் பின் செய்தித்தாள் நடத்தினர். ஆயின், தம் மொழியையும் தம் வரலாற்றையும் முறையாக ஆராய்வதற்குரிய பெருநூலகம் அவர்களுக்கு வாய்க்க நெடுநாள் ஆயிற்று. கோயிலுக்குக் கல்லும் பள்ளிக்குக் கூரையும் வேண்டும் என்பதை எவரும் எளிதில் உணர்வர். ஆராய்ச்சிக்கு நூல்கள் வேண்டும் என்பதை உணர்த்துவதற்கோ ஓர் இயக்கமே தேவைப்பட்டது. அவ்வியக்கத்தின் வரலாற்றையும், அதன் வழியே வளர்ந்த நூல் தொகுதியின் வரலாற்றையும், ஆராய்ச்சியில் முதலடி எடுத்து வைக்க விரும்பும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். ஒரு நூலகம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தவரே அதனுள் எது கிடைக்கும், எது கிடைக்காது, கிடைக்காததை எங்கே தேடவேண்டும் என்பனவற்றையும் அறிவர்.

துறையும் நூலும்

சிங்கப்பூரில் இயங்கிவந்த ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாக இணைந்து, 1949-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியது. அதில் இந்திய இயல் துறை ஏற்பட்டது 1956-ஆம் ஆண்டில் ஆகும். துறை அமைவதற்கு முன்னரே ஒரு வினா எழுந்தது. இந்திய இயல் என்றால் அதற்குரிய மொழி யாது? வடமொழிக்கே தலைமையிடம் தரவேண்டும் என்பார் ஒருபுறம் இருந்தனர். இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராய் இருக்கத் தமிழே அவ்விடத்திற்கு உரியது என்பார் மறுபுறம் நின்றனர்.

இவ்வழக்கில் தமிழின் பக்கம் வலுவாக நின்றவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி ஆவார். 1935-இல் தாம் தொடங்கிய அவ்வேட்டின் வாயிலாக அவர் தமிழின் உரிமையை வற்புறுத்தினார். எழுதியதோடு நின்றுவிடவில்லை; 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். பல்கலைக் கழகத்தில் தமிழ் நூல்கள் வாங்குவதற்கு அந்நிதி உதவிற்று. இதன் சிறப்பை ஊன்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகின் பெருநூலகங்கள் பலவற்றில் உள்ள தமிழ் நூல்கள் சமயத் தொண்டர்களும் ஆட்சி அலுவலர்களும் செல்வர்களும் சேர்த்துவைத்தவை. இங்கோ, பல்கலைக் கழகத்தின் வாயிலையே மிதித்தறியாத எளிய மக்களும், பின்வருவோர் படிக்கட்டும் என்று பொருள் ஈந்தனர். தமக்குப் பயன்படாத ஒன்றிற்குத் தம் உழைப்பின் ஒரு பகுதியைத் தந்தனர் என்றால், அத்தொகுதியைப் பயன்படுத்தாமல் விடுவது எத்துணைக் குறை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

1959-இல் பல்கலைக் கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாயிற்று. இந்திய இயல் துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1962-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அவ்விரு பிரிவுகளும் தனித்தனிப் பல்கலைக் கழகங்களாயின. மலாயாப் பல்கலைக் கழகம் என்னும் பெயர் கோலாலம்பூருக்கு உரியதாயிற்று.

அடிகளார் கண்ட நெறி

1961-இல் இத்துறையின் தலைமையை ஏற்றவர் தனிநாயக அடிகளார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த அவர், இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராய் இருந்தவர். 1952-இல் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருளுடைய ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கியவர். அவர் பெயரைச் சொன்னவுடன் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதலாம் உலகத் தமிழ் மாநாடே யாவர்க்கும் நினைவிற்கு வரும். அம்மாநாட்டின் புகழொளியில் மறைந்து நிற்பது அவர் நூலகங்களில் செய்த பணி. ஆராய்ச்சி தொடங்குவோர்க்கு வழிகாட்டுவது இப்பணியே.

அடிகளார் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றபொழுதெல்லாம் அங்குள்ள பழம்பெரும் நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடினார். 1554-இல் இலிசுபனில் உரோமன் எழுத்துக்களால் தமிழ் அச்சிடப்பட்ட சிறு நூலும், 1586-இல் என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழ் எழுத்தில் வெளியிட்ட 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலும் போன்ற முதல் அச்சு நூல்களைத் தமிழுலகம் நன்கறியச் செய்தவருள் அவர் முதன்மையானவர். அந்தாம் தெ புரோவென்சா என்னும் போர்த்துக்கேயத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் மறைந்தபின் 1679-இல் சேர நாட்டு அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதன் படி ஒன்று உரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதனைப் பதிப்பித்து, மலாயாப் பல்கலைக் கழக இந்திய இயல் துறையின் வெளியீடாக 1966-இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். மலையாளக் கரையில் அச்சேறி, உரோமையில் துயின்ற ஒரு தமிழ் அகராதி மலேசியத் தலைநகரில் மீண்டும் கண்விழித்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து இளம் ஆய்வாளர் கொள்ளத்தக்க பாடம் யாது? அரிய நூல் தற்செயலாய்க் கையில் கிட்டுவது குறைவு. எந்த நூலகத்தில் எந்தக் காலத்து நூல்கள் எக்காரணத்தால் சேர்ந்தன என்பதை அறிந்து செல்வோர்க்கே அது கிட்டும். போர்த்துக்கேயத் துறவியர் அச்சிட்ட தமிழ் நூல் இலிசுபனிலும் உரோமையிலும் இருக்கக்கூடும் என்பது வரலாற்றறிவால் பெறப்படும் ஊகம். ஊகத்தை உறுதியாக்குவது நூற்பட்டியல்.

பட்டியல் என்னும் திறவுகோல்

நூற்பட்டியலை வெறும் பெயர்க் கோவை என்று எண்ணுவோர் பலர். அஃது ஆராய்ச்சியின் திறவுகோல் ஆகும். அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி விரிவான பட்டியல் ஒன்றைச் சான் மர்டாக்கு என்பார் 1865-இல் சென்னையில் வெளியிட்டார். இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்துத் தமிழ் நூல்களின் பட்டியலைப் பார்னெட்டும் போப்பும் 1909-இல் வெளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புக்களைப் பற்றி எழுதுவோர் எவரும் இவ்விரண்டையும் தொடாமல் மேற்செல்ல இயலாது.

மலாயாவிற்கு இவ்வகையில் இரு பெருமைகள் உண்டு. ஒன்று, தமிழியல் பற்றி ஆங்கிலம் முதலிய மொழிகளில் வந்த நூல்களைத் திரட்டித் தனிநாயக அடிகளார் 1966-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல். மற்றொன்று, இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக் கழக நூலகம் 1969-இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா'. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் அமைந்த பட்டியல் அது. அதற்கு முன், 'இந்நாட்டில் தமிழில் என்ன எழுதப்பட்டது?' என்று கேட்பவர்க்கு விடை சொல்வது அவரவர் நினைவாற்றலைப் பொறுத்ததாய் இருந்தது. பட்டியல் வந்தபின் அவ்வினா அறிவுத் துறைக்கு உரிய வினாவாயிற்று. ஒரு மக்களின் எழுத்து, பட்டியலில் ஏறும் வரை, பிறர் கண்ணுக்கு இல்லாத எழுத்தே ஆகும்.

ஆகவே, ஆராய்ச்சி தொடங்குவோர் முதலில் நூலடுக்கினுள் புகுந்து கைக்கு அகப்பட்டதை எடுத்துப் படித்தல் முறையன்று. பொருள் குறித்த பொது அறிவைக் கலைக்களஞ்சியத்தில் பெறுதல் முதற்செயல். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இதற்கு ஏற்றது. அதன் பின் வந்த செய்திகளைப் புதிய நூல்களால் நிரப்பிக்கொள்ளலாம். சொற்பொருளில் ஐயம் எழுமாயின், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைக் காணல் வேண்டும். அதன் பின்னரே நூற்பட்டியல். பட்டியலுக்குப் பின்னரே நூல்.

எழுத்துப் பெயர்ப்பின் இடர்

தமிழ் நூலைப் பல்கலைக் கழக நூலகத்தில் தேடுவோர் பலர் முதல் நாளே சோர்ந்து திரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. நூற்பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் பெயர்த்துப் பதியப்படுகின்றன. அப்பெயர்ப்பு நாளிதழ்களிலும் கடிதங்களிலும் வழங்கும் ஆங்கில முறையைப் பின்பற்றுவதன்று. தமிழ்ப் பேரகராதி கையாண்ட முறையை ஒட்டியது. அம்முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்திற்கும் ஒரே குறியே உண்டு; ஒலி மாறினும் குறி மாறாது.

இதன் விளைவைச் சான்றால் காணலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பெயரை ஆங்கில வழக்குப்படி உரோமன் அகரவரிசையின் பத்தொன்பதாம் எழுத்தின் கீழ்த் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். சகரத்திற்குரிய குறி அவ்வரிசையின் மூன்றாம் எழுத்தாதலின், அவர் பெயர் அங்கேயே இருக்கும். 'சிங்கை நேசன்' என்னும் இதழும் அவ்வாறே. ககரம் எங்கும் ககரமாகவே எழுதப்படுமாதலால், 'சிங்கை' என்பதன் நடுவில் ஆங்கில வழக்கில் வரும் மெல்லிய ஒலிக்குறியை எதிர்பார்த்தல் கூடாது. ழகரமோ, கீழ்க்கோடிட்ட லகரக் குறியால் காட்டப்படும். இன்னும், தமிழர் பெயரில் தலைப்பெழுத்து முன்வருவதால், அப்பெயரைப் பட்டியலில் காண்பதற்கு இயற்பெயரை முன்னிறுத்தித் தேடவேண்டும்.

இவ்வளவும் அறிய அரைமணிப் பொழுது போதும். அறியாதார்க்கோ நூலகத்தில் உள்ள நூலும் இல்லாத நூலே. இயலாத இடத்து நூலகரைக் கேட்டல் இழுக்கன்று. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரான சி. இரா. அரங்கநாதன், நூலகவியலுக்கு உலகம் போற்றும் கோட்பாடுகளை 1931-இல் வகுத்தளித்தார். நூல்கள் பூட்டிக் காப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பதும், படிப்போரின் காலத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்பதும் அவர் கருத்தின் சாரம். ஆதலின், கேட்பது படிப்பவரின் உரிமை. உதவுவது நூலகரின் தொழில்.

இங்கு அச்சாகி, அங்கு வாழ்ந்தவை

மலாயாத் தமிழரின் பழைய நூல்களைத் தேடுவோர் அறியவேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1886-இல் நூற்பதிவுச் சட்டம் பிறந்தது. இங்கு அச்சாகும் நூல்களின் படிகளை அரசினரிடம் அளித்தல் கட்டாயமாயிற்று. அவற்றுள் ஒரு படி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்குச் சென்றது. அடுத்த ஆண்டு, 1887-இல், சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வார இதழ் தோன்றி 1890 வரை நடந்தது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' அச்சேறியது. அதற்கு முன் வெளிவந்ததாகச் சொல்லப்படும் 'சிங்கை வர்த்தமானி' போன்ற ஏடுகளோ பெயரளவிலேயே எஞ்சி நிற்கின்றன.

காரணம் வெளிப்படை. ஈரமும் கறையானும் மிகுந்த இந்நாட்டில், வீட்டுப் பெட்டியில் வைத்த தாள் இரு தலைமுறை தாங்குதல் அரிது. கட்டளையால் கப்பலேறிச் சென்ற படியே உயிர் பிழைத்தது. ஆட்சியாளர் தம் கண்காணிப்பிற்காகச் செய்த ஏற்பாடு, ஆளப்பட்டோரின் எழுத்தைக் காத்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1973-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நூலகப் பகுதி பிரிந்து பிரித்தானிய நூலகம் ஆயிற்று. பழைய தமிழ்த் தொகுதியும் அதன் பொறுப்பிற்கு வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

வழிமுறையைப் பொதுவாகச் சொல்வதினும் ஒரு பொருளை வைத்துக் காட்டுதல் பயன் தரும். தோட்டத் தமிழ்ப் பள்ளியின் வரலாற்றை எழுத ஓர் ஆசிரியர் விரும்புகிறார் எனக் கொள்வோம். 'தமிழ்ப் பள்ளிகள்' என்பது தலைப்பேயன்றி ஆராய்ச்சி வினா ஆகாது. 'தோட்டங்களில் பள்ளி வைக்கும்படி சட்டம் சொன்னபின், அங்கு நடந்த கல்வி எத்தன்மையது?' என்பது வினா. வினா குறுகினால் தேட்டம் தெளியும்.

அடுத்து, இத்துறையில் முன்னரே உழைத்தவர் நூல்கள். கர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட மலாயா இந்தியர் குடியேற்ற வரலாறும், சின்னப்பா அரசரத்தினம் 1970-இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் வரலாறும் இங்குத் தொடக்க நூல்கள். இவற்றின் உரைப்பகுதியைவிட அடிக்குறிப்புக்களும் பின்னிணைந்த நூற்பட்டியலும் புதியவர்க்கு மிகுதியும் உதவும். அறிஞர் ஒருவர் பல ஆண்டு தேடிக் கண்ட சான்றுகளின் இருப்பிடம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

அவ்வடிக்குறிப்புக்கள் ஆய்வாளரை மூல ஆவணங்களிடம் கொண்டு செல்லும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. தொழிலாளர் துறை, கல்வித் துறை ஆகியவற்றின் ஆண்டறிக்கைகள் பள்ளிகளின் தொகையையும் பிள்ளைகளின் தொகையையும் காட்டும். 1951-இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை, 1956-இன் இரசாக் அறிக்கை, 1960-இன் இரகுமான் தாலிப் அறிக்கை ஆகியவை அரசின் கொள்கை மாறிய வரிசையைக் காட்டும்.

இவ்விடத்தில் விழிப்பு வேண்டும். அறிக்கை என்பது அறிக்கை எழுதியவரின் கண்ணால் கண்டது. பள்ளி ஒன்று இருந்தது என்று அது சொல்லும். அப்பள்ளி கொட்டகையா கட்டடமா, கற்பித்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியரா, கங்காணியும் கிராணியும் ஓய்ந்த வேளையில் பாடம் சொன்னாரா என்பதை அறிய வேறு குரல் வேண்டும். அக்குரல் தமிழ் ஏடுகளில் கேட்கும். 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்', 1935 முதல் நடக்கும் 'தமிழ் முரசு' ஆகியவற்றின் செய்திகளும் வாசகர் கடிதங்களும் தோட்டத்து வாழ்வை உள்ளிருந்து பேசுகின்றன. ஏடுகளும் பிழை செய்யும், சார்பும் கொள்ளும். ஆயினும் அறிக்கையையும் ஏட்டையும் அருகருகே வைத்து ஒப்பு நோக்குங்கால், ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிவிடும். அவ்வொப்பு நோக்கே ஆராய்ச்சி. ஒரு நூலில் உள்ளதை மற்றொரு தாளில் எழுதுவது படியெடுத்தல்.

குறிப்பு எடுக்கும் முறையும் இன்றியமையாதது. ஒரு செய்திக்கு ஒரு தாள். அத்தாளின் தலையில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு, இடம், ஆண்டு, பக்கம். பதிப்பைக் குறியாமல் விடுவது பெரும்பிழை. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதல் பதிப்பித்தது 1894-இல். பின்வந்த பதிப்புக்களில் திருத்தமும் குறிப்பும் பெருகின. 'புறநானூறு, பக்கம் இத்தனை' என்று மட்டும் எழுதினால் எப்பதிப்பின் பக்கம் என்று யார் அறிவார்? பிறர் சொல்லை எடுத்தாளும்பொழுது எல்லைக் குறி இட்டுவைத்தலும் வேண்டும். மூன்று திங்கள் கழித்து அத்தாளைப் பார்க்கையில், எது பிறர் சொல், எது தம் கருத்து என்பது எழுதியவர்க்கே மயக்கமாகிவிடும்.

இன்றைய வாய்ப்பும் நாளைய பொறுப்பும்

முன்னோர் கப்பலேறித் தேடியவற்றுட் பல இன்று வீட்டிலிருந்தே காணக் கிடைக்கின்றன. 'சிங்கை நேசன்', 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னுருவாக்கியுள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த அரும்பெரும் தொகுதியைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் 'நூலகம்' என்னும் இணைய நூலகம் திரட்டி வருகிறது. எனினும், மின்னுருவில் கிடைப்பதே முழுமை என்று எண்ணுதல் தவறு. மின்னுரு ஆகாத அறிக்கைகளும் சிறு வெளியீடுகளும் நூலக அடுக்குகளில் இன்னும் காத்திருக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்லாதவர், பிறர் முன்னரே தேடியதை மட்டுமே மீண்டும் காண்பர்.

இன்னொன்றும் உண்டு. எந்த நூலகத்திலும் இடம்பெறாத ஆவணங்கள் மிகப் பல. பள்ளி ஆண்டு மலர், ஆசிரியர் சங்கத்துச் சுற்றறிக்கை, மாணவர் வருகைப் பதிவேடு, மன்றங்களின் கூட்டக் குறிப்பு, தோட்டத்துத் திருவிழா அழைப்பிதழ் ஆகியன வீடுகளிலும் பள்ளி நிலைப்பேழைகளிலும் கிடக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்படும்போதும், பள்ளி இடம் மாறும்போதும், முதியவர் மறைந்து வீடு ஒழிக்கப்படும்போதும் இவையே முதலில் குப்பைக்குச் செல்கின்றன. இவற்றைச் சட்டக் கட்டளை மட்டுமே காத்துவிடாது. காக்கவேண்டியவர் இவற்றின் மதிப்பை அறிந்த தமிழாசிரியரே.

ஆகவே ஆசிரியரின் கடமை இருவகைப்படும். நூலகத்திலிருந்து பெறுதல் ஒன்று. நூலகத்திற்குத் தருதல் மற்றொன்று. பள்ளியின் பழைய மலர் ஒன்று கிடைத்தால், அது வெளிவந்த ஆண்டையும் இடத்தையும் தாளில் எழுதி உள்ளே வைத்து, பல்கலைக் கழக நூலகத்திற்கோ தேசிய நூலகத்திற்கோ அளித்தல் வேண்டும். தர மனம் இல்லாதவர் ஒளிப்படப் படியேனும் எடுத்து அளிக்கலாம். 1950-களில் பொருளுதவி செய்த மக்கள் நூல் வாங்கித் தந்தனர். அவர்கள் வாழ்ந்த வாழ்வு நூலாகவேண்டுமாயின், அதற்குரிய சான்றுகள் இன்று வாழ்வோர் கையில் உள்ளன.